வானிலிருந்து அளப்பதைத் தரையில் சரிபாருங்கள்: ஏரோசால் தரவு குறித்து ஒரு திறந்த மடல்

பெறுநர்: அகமதாபாத்தில் உள்ள விண்வெளிப் பயன்பாட்டு மையம், திருவனந்தபுரத்தில் உள்ள விண்வெளி இயற்பியல் ஆய்வகம், இந்திய வானிலை ஆய்வுத் துறை, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆகியவற்றின் பொறுப்பாளர்கள்

பெருமதிப்பிற்குரியீர்,

வணக்கம்.

காற்றில் மிதக்கும் நுண்துகள்களான ஏரோசால்களைச் செயற்கைக்கோள் வழியே அளந்து, அந்த அளவிலிருந்து மக்கள் மூச்சில் இழுக்கும் பி.எம். 2.5 (2.5 மைக்ரோமீட்டர் வரை விட்டமுள்ள) துகள்களின் செறிவைக் கணித்து, மாவட்டவாரியான வண்ண வரைபடங்களாக வெளியிடும் வழக்கம் நம் நாட்டில் வேரூன்றிவிட்டது. தரையில் கண்காணிப்பு நிலையமே இல்லாத ஊர்களுக்கு இந்த வரைபடங்கள்தாம் ஒரே சான்று. தேசியத் தூய காற்றுத் திட்டம் 2019 ஜனவரியில் தொடங்கியது. அது ஏறத்தாழ 130 நகரங்களை உள்ளடக்கியது. அந்த நகரங்களின் எல்லைக்கு வெளியே வாழும் கோடிக்கணக்கான மக்களின் காற்றைப் பற்றி நாம் எதைச் சொன்னாலும், அதில் பெரும்பகுதி வானிலிருந்து வந்த எண்ணாகவே இருக்கிறது. ஆகவே, அந்த எண் எந்த இடத்தில், எந்தப் பருவத்தில், எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பதைத் தரை அளவீட்டோடு ஒப்பிட்டு நிலையம் நிலையமாக, வெளிப்படையாக வெளியிடுங்கள் என்று கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன்.

கேட்பதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தாங்கள் அறியாதது இதில் ஏதும் இல்லை. ஆனால் இந்த வரைபடங்களைக் கொண்டு முடிவெடுக்கும் மாவட்ட நிர்வாகிகளும், செய்தி எழுதுவோரும், மருத்துவர்களும், பொதுமக்களும் இம்மடலைப் படிக்கக்கூடும் என்பதால் அடிப்படையிலிருந்தே தொடங்குகிறேன்.

தரையில் நிற்கும் சூரிய ஒளிமானி செய்கிற வேலை எளிமையானது. அந்த எளிமையே அதன் நம்பகத்தன்மைக்கு ஆதாரம். அது சூரியனை நேராக நோக்கி, குறிப்பிட்ட சில அலைநீளங்களில் வந்துசேரும் ஒளியை அளக்கிறது. வளிமண்டலத்துக்கு வெளியே வைத்தால் அதே கருவி எவ்வளவு ஒளியைக் காட்டும் என்பது தெரிந்திருந்தால், வழியில் எவ்வளவு குறைந்தது என்பது கணக்கில் வந்துவிடும். அதிலிருந்து காற்று மூலக்கூறுகள், ஓசோன் போன்றவற்றின் பங்கைக் கழித்தால் எஞ்சுவது ஏரோசால்களின் பங்கு. இதையே ஏரோசால் ஒளியியல் தடிமன் என்கிறோம். அதன் மதிப்பு 0.5 என்றால், செங்குத்தாக இறங்கும் நேரடி ஒளியில் ஏறத்தாழ 61 விழுக்காடுதான் துகள்களைக் கடந்து தரையை எட்டுகிறது; 1 என்றால் 37 விழுக்காடு. நாசாவின் கோடார்ட் விண்வெளி மையம் 1990களில் பிரெஞ்சு ஆய்வாளர்களோடு சேர்ந்து வளர்த்தெடுத்த ஏரோநெட் வலையமைப்பின் கருவிகள், காட்சி ஒளியில் இந்தத் தடிமனை 0.01 அளவுக்கே பிழை வரும்படி அளக்கின்றன.

செயற்கைக்கோளுக்கு இந்த வசதி கிடையாது. கீழிருந்து மேல்நோக்கித் திரும்பிவரும் ஒளியைத்தான் அது காண்கிறது. அந்த ஒளியில் மண், பயிர், நீர், கட்டடம், காற்று, துகள் எல்லாவற்றின் பங்கும் கலந்தே வருகிறது. துகளின் பங்கை மட்டும் பிரித்தெடுக்க, தரை எவ்வளவு ஒளியைத் திருப்புகிறது என்பதை முதலில் ஊகிக்க வேண்டும். அடர்ந்த காட்டின் மேலும் ஆழ்கடலின் மேலும் இந்த ஊகம் எளிது. தரை கருமையாக இருப்பதால் மேலே மிதக்கும் துகள் தெளிவாகத் துலங்கும். அறுவடை முடிந்து வெளிறிக் கிடக்கும் வயலின் மேலும், தார்ப் பாலைவனத்தின் மேலும், கான்கிரீட் நகரத்தின் மேலும் அதே ஊகம் தடுமாறுகிறது. இதோடு முடிவதில்லை. துகள் உருண்டையா ஒழுங்கற்ற வடிவமா, ஒளியைச் சிதறடிக்க மட்டும் செய்கிறதா அல்லது கரியைப் போல விழுங்கவும் செய்கிறதா என்பதையும் முன்கூட்டியே அனுமானித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. நம் நாட்டில் இந்த எல்லா அனுமானங்களும் ஒரே ஆண்டுக்குள் மாறிவிடுகின்றன. மே மாதத்தில் பாலைவனப் புழுதி, ஜூலையில் ஈரம், நவம்பரில் வைக்கோல் புகை, ஜனவரியில் மூடுபனியோடு கலந்த அடுப்புப் புகை என்று வானத்தின் உள்ளடக்கமே பருவத்துக்குப் பருவம் வேறாகிறது.

கான்பூரின் அனுபவம் இதற்குத் தக்க சான்று. அங்குள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழக வளாகத்தில் 2001 ஜனவரி முதல் ஏரோநெட் ஒளிமானி இயங்கிவருகிறது. கங்கைச் சமவெளியின் நடுவே, உலகிலேயே துகள் மிகுந்த காற்றுப் பகுதிகளில் ஒன்றில், இவ்வளவு நீண்ட தொடர் பதிவு இருப்பது பெரும் பேறு. டெர்ரா செயற்கைக்கோளில் இருந்த மோடிஸ் கருவியின் அன்றைய தரவை அந்தப் பதிவோடு ஒப்பிட்ட ஆய்வு 2005இல் வெளியானது. புழுதி நிறைந்த பருவங்களில் செயற்கைக்கோள் உள்ளதைவிடக் கூடுதலாகவும், மழைக்காலம் முடிந்த மாதங்களிலும் குளிர்காலத்திலும் உள்ளதைவிடக் குறைவாகவும் காட்டியது தெரியவந்தது. இதன் பொருளைக் கவனியுங்கள். ஆண்டு முழுவதற்குமான சராசரியை மட்டும் பார்த்திருந்தால் கூடுதலும் குறைவும் ஒன்றையொன்று ஈடுசெய்து, பிழையே இல்லாததுபோலத் தோன்றியிருக்கும். மக்கள் மூச்சுத் திணறும் குளிர்காலத்தைக் குறைத்தும் கோடைப் புழுதியைக் கூட்டியும் காட்டும் ஒரு வரைபடம், எந்தக் காரணத்தைக் குறிவைத்துச் செயல்பட வேண்டும் என்ற கேள்விக்கே தவறான விடையைத் தந்திருக்கும். அந்த ஒப்பீடும் அதுபோன்ற பிற ஒப்பீடுகளும் வெளிப்படையாக நடந்ததால்தான் கணக்கீட்டு முறை அடுத்தடுத்த பதிப்புகளில் திருந்தியது.

இன்னொரு நிகழ்வும் நினைவுகூரத்தக்கது. டெர்ரா 1999 டிசம்பரிலும் அதன் இணையான அக்வா 2002 மேயிலும் ஏவப்பட்டன. இரண்டிலும் ஒரே வகைக் கருவிதான். ஆனால் ஆண்டுகள் செல்லச்செல்ல, நிலத்தின் மேல் டெர்ரா காட்டிய துகள் அளவு அக்வாவோடு ஒத்துப்போகாமல் மெல்ல இறங்கத் தொடங்கியது. விண்வெளியில் கருவியின் உணர்திறன் தேய்ந்துவந்ததே அதற்குக் காரணம். காற்றின் தூய்மை கூடவில்லை. உலகெங்கும் உள்ள தரை நிலையங்களோடு ஒப்பிட்டதால்தான் அந்த இறக்கம் பொய்யானது என்று துணிந்து சொல்ல முடிந்தது. நம்முடைய தூய காற்றுத் திட்டம் 2017ஐ அடிப்படையாகக் கொண்டு 2024க்குள் துகள் மாசை 20 முதல் 30 விழுக்காடு குறைக்க வேண்டும் என்று முதலில் வகுத்தது. பின்னர் 2025-26க்குள் 40 விழுக்காடு என்று இலக்கை உயர்த்தியது. ஆண்டுக்குச் சில விழுக்காடு என்ற அளவில் நடக்கும் மாற்றத்தைத்தான் நாம் தேடுகிறோம். அதே அளவு மாற்றத்தைக் கருவியின் முதுமையும், கணக்கீட்டு முறையின் புதிய பதிப்பும், சுற்றுப்பாதையின் விலகலும் தனித்தனியே உண்டாக்கக்கூடும். டெர்ராவும் அக்வாவும் தம் பழைய கடவு நேரங்களிலிருந்து இப்போது விலகிவிட்டன. அவற்றின் இடத்தைச் சூமி, நோவா-20, நோவா-21 ஆகிய செயற்கைக்கோள்களில் உள்ள வீர்ஸ் கருவிகள் ஏற்றுவருகின்றன. ஒரு தொடர் முடிந்து இன்னொன்று தொடங்கும் இந்தக் கட்டத்தில், இரண்டையும் கோத்துப் பிடிப்பதற்குத் தரை நிலையங்களைத் தவிர வேறு பிடிமானம் இல்லை.

இனி நம் சொந்தச் செயற்கைக்கோள்களுக்கு வருகிறேன். 2013இல் இன்சாட்-3டி, 2016இல் இன்சாட்-3டிஆர், 2024 பிப்ரவரியில் இன்சாட்-3டிஎஸ் என்று மூன்றை அனுப்பியிருக்கிறோம். நாளுக்கு ஒருமுறை கடந்துபோகும் செயற்கைக்கோளுக்கு வாய்க்காத பேறு இவற்றுக்கு உண்டு: புவிநிலைப் பாதையில் நின்று அரை மணிக்கு ஒருமுறை இந்தியா முழுவதையும் படம் பிடிக்கின்றன. காலைப் புகை எழுவதும் நண்பகலில் கலைவதும் ஒரே நாளுக்குள் தெரியும் என்பது சிறிய செய்தி அன்று. இதில் நான் பெருமிதம் கொள்கிறேன். அந்தப் பெருமிதத்தோடுதான் அடுத்ததையும் சொல்கிறேன்.

இந்தப் படமெடுக்கும் கருவியில் காட்சி ஒளிக்கு ஒரே ஒரு அகன்ற பட்டைதான் உண்டு. பல குறுகிய பட்டைகளில் பார்க்கும் மோடிஸ் போன்ற கருவி தரையையும் துகளையும் பிரித்தறிய உதவும் குறிப்புகளில் பல இதற்குக் கிட்டுவதில்லை. ஆகவே கடந்த பல நாட்களின் படங்களில் மிகக் கருமையாகத் தெரிந்ததையே தூய வானத்தின் கீழுள்ள தரை என்று எடுத்துக்கொண்டு கணக்கிட வேண்டியிருக்கிறது. கங்கைச் சமவெளியில் டிசம்பரிலும் ஜனவரியிலும் வாரக்கணக்கில் தூய வானமே வாய்க்காதபோது, அந்தப் பின்னணிக்குள்ளேயே புகை கலந்துவிடும். கலந்த அளவுக்கு விடை குறைந்துவரும். அத்துடன், புவிநிலைக் கருவி ஓரிடத்தை எப்போதும் ஒரே கோணத்தில் பார்க்க, சூரியன் மட்டும் காலையிலிருந்து மாலைவரை நகர்கிறது. தரை ஒளியைத் திருப்பும் விதமும் துகள் சிதறடிக்கும் விதமும் அந்தக் கோணத்தைப் பொறுத்து மாறுவதால், காற்றில் எந்த மாற்றமும் இல்லாதபோதும் கணக்கில் ஒரு காலை-மாலை ஏற்ற இறக்கம் தோன்றிவிடலாம். அரை மணிக்கு ஒரு தரவு என்பதே இந்தச் செயற்கைக்கோள்களின் சிறப்பு என்றால், அந்தச் சிறப்பைத்தான் முதலில் சோதித்தாக வேண்டும். நாள் முழுவதையும் ஒன்றாகக் கூட்டிய ஒப்பீடு இதற்குப் போதாது. காலை 9 மணிக்கு எவ்வளவு பிழை, நண்பகலில் எவ்வளவு, மாலை 4 மணிக்கு எவ்வளவு என்று மணிவாரியாக, ஒவ்வொரு நிலையத்துக்கும் தனித்தனியே பிரித்துக் காட்ட வேண்டும்.

ஒப்பீடு செய்யும் முறையிலும் கவனம் தேவை. செயற்கைக்கோள் ஒரு கணத்தில் பரந்த நிலத்தைப் பார்க்கிறது. ஒளிமானி ஒரே இடத்தில் நின்று நேரம் முழுவதும் பார்க்கிறது. இரண்டையும் பொருத்துவதற்கு, நிலையத்தைச் சுற்றி ஏறத்தாழ 50 கிலோமீட்டர் அகலமுள்ள பரப்பின் சராசரியையும், செயற்கைக்கோள் கடக்கும் நேரத்துக்கு முன்னும் பின்னும் அரை மணி நேரத்தில் ஒளிமானி எடுத்த அளவுகளின் சராசரியையும் எடுப்பது நெடுநாள் வழக்கம். சமவெளியின் நடுவே இது பொருந்தும். சென்னை போன்ற கடற்கரை நகரத்தில் அந்தப் பரப்பின் ஒரு பாதி கடலாகவும், இன்னொரு பாதி நகரமும் தொழிற்சாலையும் ஏரியுமாகவும் இருக்கும். கடலுக்கு ஒரு கணக்கீட்டு முறை, நிலத்துக்கு வேறொன்று; இரண்டும் சந்திக்கும் கரையோரத்தில் வண்டல் கலங்கிய நீர் இரண்டையும் ஏமாற்றும். நண்பகலுக்குப் பின் கடற்காற்று உள்ளே வந்துவிட்டால் கரையிலும் இருபது கிலோமீட்டர் உள்ளேயும் காற்றே வேறு. ஆகவே எந்தப் பரப்பு, எந்த நேர இடைவெளி, எத்தனை பிக்சல்கள், அவற்றுக்கிடையே எவ்வளவு ஏற்றத்தாழ்வு என்ற விவரங்கள் இல்லாத ஒப்பீட்டை வாசகர் எடைபோட வழியில்லை.

அதேபோல, ஒப்பீட்டின் முடிவை, இரு அளவுகளும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்று காட்டும் ஒற்றைத் தொடர்பெண்ணில் அடக்கிவிடும் வழக்கத்தைக் கைவிடுமாறு அழுத்தமாக வேண்டுகிறேன். கான்பூரில் ஒளியியல் தடிமன் மிகத் தாழ்ந்த நாளும் உண்டு, 1ஐத் தாண்டும் நாளும் உண்டு. அவ்வளவு அகன்ற வீச்சில் எந்தக் கணக்கீட்டு முறையும் உயர்ந்த தொடர்பெண்ணைத் தந்துவிடும். தூய்மையான தீவு நிலையத்தில் பிழை சிறியதாகவே இருந்தாலும் வீச்சு குறுகியதால் தொடர்பெண் தாழ்ந்தே வரும். உயர்ந்த எண்ணைக் கண்டு முதலாவதை நம்புவதும், தாழ்ந்த எண்ணைக் கண்டு இரண்டாவதைத் தள்ளுவதும் ஒருங்கே தவறு. துகள் குறைவான நாளில் சாய்வு, அதாவது ஒரே பக்கமாக விலகும் பிழை, எவ்வளவு, மிகுந்த நாளில் எவ்வளவு, புழுதிப் பருவத்தில் எந்தப் பக்கம், புகைப் பருவத்தில் எந்தப் பக்கம் என்று சொன்னால்தான் பயன்படுத்துவோர் எச்சரிக்கையாக இருக்க முடியும்.

தரை அளவீடும் அப்பழுக்கற்ற உண்மை அன்று என்பதை நேர்மையாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும். ஒளிமானியின் கண்ணாடியில் புழுதி படியும். அதன் குழாயில் சிலந்தி வலை பின்னும். வடிகட்டியின் தன்மை ஆண்டுகளில் மாறும். கண்ணுக்கே புலப்படாத மெல்லிய பனிக்கீற்று மேகம் செயற்கைக்கோளையும் ஒளிமானியையும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் ஏமாற்றக்கூடும். அப்போது இரண்டும் ஒத்துப்போவது சரி என்பதற்குச் சான்றாகாது. இதனால்தான் ஏரோநெட் தன் தரவை மூன்று தரநிலைகளாகப் பிரித்து, அளவுத்திருத்தமும் இறுதிச் சோதனையும் முடிந்ததை மட்டுமே உயர்தரம் என்று வழங்குகிறது. முழுப் பதிவையும் திரும்பக் கணக்கிட்டு 2018இல் மூன்றாம் பதிப்பை வெளியிட்டது. அதன் அளவுத்திருத்தத்தின் வேர் ஹவாய்த் தீவில் ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் இருக்கும் மௌனா லோவா மலையில் இருக்கிறது. தூய்மையும் நிலையான தன்மையும் கொண்ட காற்றில், சூரியன் ஏறும்போது ஒளி எப்படி மாறுகிறது என்பதைத் தொடர்ந்து அளந்து, வளிமண்டலத்துக்கு வெளியே கருவி காட்டக்கூடிய மதிப்பை அங்கே கண்டறிகிறார்கள். நமக்கும் லடாக்கில், ஹான்லேயில், ஏறத்தாழ 4,500 மீட்டர் உயரத்தில் வானியல் ஆய்வகம் இருக்கிறது. நாட்டின் எல்லா ஒளிமானிகளுக்கும் பொதுவான அளவுத்திருத்தத் தலமாக ஹான்லேயை வளர்த்தெடுப்பது குறித்துத் தாங்கள் கூட்டாக ஆராய வேண்டும். ஒரு துறையின் கருவியும் இன்னொரு துறையின் கருவியும் ஒரே மூலத்திலிருந்து திருத்தம் பெறாதவரை, அவற்றின் தரவை ஒரே வரைபடத்தில் வைப்பது பாதுகாப்பானதன்று.

செயற்கைக்கோள் காணாத நேரங்களைப் பற்றியும் பேசியாக வேண்டும். மேகத்தின் கீழுள்ள துகளை அது அறியாது, ஒளிமானியும் அறியாது. ஆகவே இவ்விரண்டையும் பொருத்தி நாம் செய்யும் எந்த ஒப்பீடும் தெளிந்த வானம் வாய்த்த நாட்களின் ஒப்பீடு மட்டுமே. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தமிழ்நாட்டின் பெரும்பகுதிக்கு அத்தகைய நாட்கள் அரிது. கங்கைச் சமவெளியில் அடர்ந்த புகைமூட்டத்தையே மேகம் என்று எண்ணிக் கணக்கீட்டு முறை தள்ளிவிடுவதும் நடக்கிறது. மிக மோசமான நாட்களே பதிவிலிருந்து விடுபட்டுப் போகின்றன. சென்னையில் போகியன்று நள்ளிரவுக்குப் பின் எழும் புகை விடியற்பனியோடு கலந்து தெருவை மூடுகிறது. 2018ஆம் ஆண்டுப் போகியன்று விமானப் போக்குவரத்தே தடைபட்டது. முற்பகலில் செயற்கைக்கோள் கடந்துசெல்லும் வேளைக்குள் அந்தப் புகையில் பெரும்பங்கு மேலெழுந்து பரவிவிடும். தீபாவளி இரவை இரண்டு கருவிகளுமே காண்பதில்லை. நிலவொளியைக் கொண்டு அளக்கும் புதிய ஒளிமானிகள் தேவை என்று சொல்வதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குத் தோன்றவில்லை. இந்த இடைவெளிகளைப் புள்ளியியல் முறையால் நிரப்பி, முழுமையான வரைபடமாக வெளியிடும்போது, எந்தச் சதுரம் அளக்கப்பட்டது, எந்தச் சதுரம் நிரப்பப்பட்டது என்பது படிப்பவருக்குத் தெரியவேண்டும். தெரியாத இடத்தை வெற்றிடமாக விடுவதில் எந்த இழுக்கும் இல்லை.

எல்லாவற்றையும்விடக் கவலை தருவது, ஒளியியல் தடிமனிலிருந்து பி.எம். 2.5க்குத் தாவும் அந்தக் கடைசிப் படி. தடிமன் என்பது தரையிலிருந்து வான்வரை உள்ள முழுக் காற்றுக்கும் சேர்த்துச் சொல்லப்படும் ஒரே எண். மக்கள் மூச்சிழுப்பது அதன் அடிப்பகுதியில் ஓரிரு மீட்டர் உயரத்தில். ஒரு சிறு கணக்கைச் செய்துபார்க்கலாம். தடிமன் 0.5, துகள்கள் எல்லாம் தரையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சீராகக் கலந்திருக்கின்றன, ஒரு கிராம் துகள் 5 சதுர மீட்டர் அளவுக்கு ஒளியை மறைக்கிறது என்று கொண்டால், தரையில் கனமீட்டருக்கு 100 மைக்ரோகிராம் என்று விடை வரும். அதே துகள்கள் இரண்டரை கிலோமீட்டர் உயரம்வரை கலந்திருந்தால் விடை 40 ஆகிவிடும். செயற்கைக்கோளின் எண் மாறவே இல்லை. முதல் விடை 24 மணி நேரத்துக்கான நம் தேசிய வரம்பான 60ஐ வெகுவாகத் தாண்டுகிறது. இரண்டாவது அந்த வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. இதில் தடிமனின் பிழையை நான் இன்னும் சேர்க்கவில்லை. மோடிஸ் தரவுக்கு நிலத்தின் மேல் ஒப்புக்கொள்ளப்பட்ட பிழை எல்லை 0.05உடன் தடிமனின் 15 விழுக்காட்டைக் கூட்டிய அளவு, 0.5க்கு அது 0.125, அதாவது நான்கில் ஒரு பங்கு. அந்த எல்லைக்குள்ளும் மூன்றில் இரண்டு பங்கு அளவுகளே அடங்கும் என்பதுதான் எதிர்பார்ப்பு.

ஈரப்பதம் இதை மேலும் சிக்கலாக்குகிறது. உப்பும் சல்பேட்டும் ஈரத்தை உறிஞ்சிப் பருத்து, உலர்ந்த நிலையில் மறைத்ததைப்போல இருமடங்கும் அதற்கு மேலும் ஒளியை மறைக்கக்கூடும். தரையில் எடைபோடும் கருவியோ காற்றை உலர்த்தியே அளக்கிறது. தீபகற்ப இந்தியாவில் பருவமழைக்கு முந்தைய மாதங்களில் தரைக்கு மேலே சில கிலோமீட்டர் உயரத்தில் தனித் துகள் அடுக்குகள் மிதப்பதை, லேசர் ஒளியைச் செலுத்தித் துகளின் உயரத்தை அறியும் லைடார் கருவிகள் பலமுறை கண்டிருக்கின்றன. திருப்பதியை அடுத்த கடங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆய்வகத்தில் 1998 முதல் லைடார் இயங்கிவருகிறது; தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய இந்த அரிய பதிவை, வடதமிழகத்துக்கான பி.எம். 2.5 கணிப்புகளைச் சோதிக்க இன்னும் முழுமையாகப் பயன்படுத்த வேண்டும். விண்ணிலிருந்து துகளின் உயரத்தைக் காட்டிவந்த கேலிப்சோ 2006 முதல் 2023வரை இயங்கி ஓய்ந்துவிட்டது. 2024 மேயில் ஏவப்பட்ட எர்த்கேர் அந்தப் பணியைத் தொடர்கிறது. ஆனால் அவை குறுகிய தடத்தை மட்டுமே பார்ப்பவை. ஓரிடத்தில் நின்று நாள்தோறும் உயரத்தைச் சொல்லும் தரை லைடாருக்கு அவை மாற்றாகா.

இன்றைய பி.எம். 2.5 வரைபடங்கள் பலவும் நகரங்களில் உள்ள கண்காணிப்பு நிலையங்களின் தரவைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டவை. தில்லியில் மட்டும் ஏறத்தாழ 40 தானியங்கி நிலையங்கள் இருக்க, ஒரு நிலையமும் இல்லாத மாவட்டங்கள் ஏராளம். அதே நகர நிலையங்களில் சிலவற்றை ஒதுக்கி வைத்துச் சோதித்துவிட்டு, நாடு முழுவதற்கும் இவ்வளவு துல்லியம் என்று அறிவிப்பது, நிலையமே இல்லாத சிற்றூர்களைப் பற்றி எதையும் நிறுவுவதில்லை. பக்கத்துத் தெரு நிலையத்தைக் கொண்டு இந்தத் தெருவை ஊகிப்பது எளிது. முழு நகரத்தையும், முடிந்தால் முழு மாநிலத்தையும் பயிற்சியிலிருந்து விலக்கி வைத்துச் சோதித்த பிழையை மட்டுமே மக்களுக்குச் சொல்லுங்கள். கணக்கீட்டு முறையைச் சீரமைக்கப் பயன்பட்ட நிலையத்தையே அதன் சரிபார்ப்புக்கும் பயன்படுத்தக்கூடாது என்ற விதியை எழுத்தில் வகுத்துவிடுங்கள்.

நம் நாட்டுக்கு இதில் மரபு இல்லாமல் இல்லை. 1980களிலேயே விண்வெளி இயற்பியல் ஆய்வகம் பத்து அலைநீளங்களில் அளக்கும் ஒளிமானியைத் தானே உருவாக்கி, பல ஊர்களில் நிறுவியது; அதிலிருந்து வளர்ந்ததுதான் நாற்பதுக்கும் மேற்பட்ட நிலையங்களைக் கொண்ட ஆர்ஃபிநெட். 1999 தொடக்கத்தில் நடந்த இந்தியப் பெருங்கடல் சோதனையில், மாலத்தீவின் காஷிதூ தீவில் தரையிலிருந்து அளந்த துகள் பண்புகளே செயற்கைக்கோள் கணக்கீட்டைச் செம்மைப்படுத்த உதவின. தெற்காசியாவின் மேல் பரவிய பழுப்புப் படலத்தை உலகம் நம்பியது அதன் பிறகுதான். அந்தச் சோதனைக்குத் தலைமை தாங்கியவர்களில் ஒருவர் தமிழகத்தில் பிறந்த வீரபத்ரன் ராமநாதன். கான்பூர் நிலையத்தின் பதிவை உலகின் எந்த மூலையில் இருக்கும் மாணவரும் யாரையும் கேட்காமல் இறக்கிக்கொள்ளலாம். அதே எளிமை ஆர்ஃபிநெட் தரவுக்கும், வானிலை ஆய்வுத் துறை இயக்கும் வான்-ஒளிமானிகளின் தரவுக்கும் வேண்டும். பொதுப்பணத்தில் பல பத்தாண்டுகளாகத் திரட்டிய பதிவு, மதுரையிலோ தர்பங்காவிலோ ஒரு கல்லூரி மாணவியின் கணினியில் திறக்கும் நாள் வந்தால், தங்கள் மையங்களில் உள்ள சிலர் மட்டும் சோதிப்பதைவிடப் பல மடங்கு சோதனை தானாகவே நடக்கும்.

புதிய நிலையங்களை எங்கே வைப்பது என்பதில் எனக்கு ஒரு திட்டவட்டமான பரிந்துரை உண்டு. செயற்கைக்கோள் எங்கே எளிதாக வெல்லுமோ அங்கே வைக்க வேண்டாம். எங்கே தோற்கக்கூடுமோ அங்கே வையுங்கள். தூத்துக்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். தூய காற்றுத் திட்டத்தின் பட்டியலில் உள்ள நகரம். ஒருபுறம் கடல், அதை ஒட்டி வெண்மையாக ஒளிரும் உப்பளங்கள், நிலக்கரி எரிக்கும் அனல்மின் நிலையங்களும் துறைமுகமும் அருகருகே, பின்புறம் வறண்ட செம்மண்ணும் கரிசலும், காற்றில் எப்போதும் உப்பும் ஈரமும். கணக்கீட்டு முறை தடுமாறும் காரணங்கள் அத்தனையும் சில கிலோமீட்டருக்குள் அடங்கிக் கிடக்கின்றன. அங்கே ஒரு சூரிய ஒளிமானி, ஒரு சிறு லைடார், உலர்நிலையில் எடைபோடும் பி.எம். 2.5 கருவி, அதன் அருகே பி.எம். 10 (10 மைக்ரோமீட்டர் வரையுள்ள துகள்கள்) கருவி, ஈரப்பத அளவி ஆகிய ஐந்தையும் ஒரே கூரையில் வைத்துத் தொடர்ந்து பல ஆண்டுகள் இயக்கினால், தடிமனிலிருந்து தரைச் செறிவுக்குச் செல்லும் ஒவ்வொரு படியையும் தனித்தனியே சோதித்துவிடலாம். பி.எம். 10ஐ நான் சேர்த்ததற்குக் காரணம் உண்டு: நகரங்களின் முன்னேற்றம் பெரும்பாலும் பி.எம். 10ஐக் கொண்டே மதிப்பிடப்படுகிறது. பெருந்துகளோ எடைக்கு எடை நுண்துகளைவிட மிகக் குறைவாகவே ஒளியை மறைப்பது. ஒன்றை வானிலிருந்து கண்டு மற்றொன்றை மதிப்பிடுவது எவ்வளவு பொருந்தும் என்பதை இத்தகைய நிலையமே சொல்லும். இதே போன்றதொரு கூட்டு நிலையம் பீகாரின் பனிமூட்டப் பகுதியிலும், மேற்கு ராஜஸ்தானின் மணற்பரப்பிலும் வேண்டும்.

கருவி வாங்குவது எளிது. அதைப் பேணுவதுதான் கடினம். ஆய்வுத் திட்டத்தின் காலம் முடிந்ததும் நிலையமும் முடிந்துபோவது, துடைக்கவும் திருத்தவும் ஆளின்றிக் கருவி பெட்டிக்குள் போவது, பத்தாண்டுப் பதிவின் நடுவே விழும் ஓராண்டு இடைவெளி ஆகியவை இத்துறையில் இருக்கும் எவரையும் வருத்துபவை. போக்கு மாற்றத்தைக் கணிக்க வேண்டிய பதிவில் அத்தகைய இடைவெளியைப் பின்னர் எந்தக் கணக்காலும் மீட்க முடியாது. ஆகவே சரிபார்ப்பு நிலையங்களுக்கான செலவை ஆய்வு மானியத்திலிருந்து பிரித்து, வானிலை நிலையங்களைப் போல நிரந்தரச் செலவாக்குங்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் பயிற்சி பெற்ற ஒரு தொழில்நுட்பப் பணியாளரை நிரந்தரமாக நியமியுங்கள்.

இவை அனைத்தும் ஒரே நாளில் நடவாது என்பதை அறிவேன். முதற்படிக்குப் புதிய கருவியோ புதிய நிதியோ தேவையில்லை. இன்சாட்-3டிஆர் தரும் ஏரோசால் ஒளியியல் தடிமனை எடுத்துக்கொள்ளுங்கள். கடந்த ஓர் ஆண்டுக்கு, இந்தியாவில் உள்ள ஒவ்வொரு ஏரோநெட், ஆர்ஃபிநெட், வானிலைத் துறை நிலையத்தோடும் பொருந்திய அளவுகளை, நேரம், சூரியக் கோணம், பிக்சல் எண்ணிக்கை, தரக்குறி, தள்ளப்பட்ட அளவுகள், தள்ளியதற்கான காரணம் ஆகியவற்றோடு ஒரே கோப்பாக, இஸ்ரோவின் செயற்கைக்கோள் தரவுத் தளமான மாஸ்டாக்கில் வெளியிடுங்கள். அடுத்த ஆண்டு முதல் ஒவ்வொரு மாதமும் அதே கோப்பை நீட்டித்துச் செல்லுங்கள். அந்தக் கோப்பு வெளியாகும் வரை, செயற்கைக்கோள் வழிக் கணித்த பி.எம். 2.5 எண்ணை எந்த மாவட்டத்தின் தரவரிசைக்கும், எந்த நகரத்தின் நிதி ஒதுக்கீட்டுக்கும் தனிச் சான்றாகக் கொள்ள வேண்டாம் என்று மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒரு சுற்றறிக்கை வழியே அறிவுறுத்துமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
வளிமண்டல அளவீடுகளில் ஈடுபட்டுவரும் ஓர் ஆய்வாளன்